பதவியின் பெயர்

கிருஷ்ணன்கோவிலில் விடியற்காலைப் பேருந்தேறி, வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் பல்லாண்டுகள் பணிபுரிந்தேன். பதவியின் பெயர் அட்டெண்டர். ஆனால் கரைசல்கள் தயாரிப்பதும், கருவிகளைச் சீர்செய்வதும், இருப்புப் பதிவேடு எழுதுவதும் நானே. அவை ஆய்வக உதவியாளரின் கடமைகள்.

பதவியை மாற்றி, உரிய ஊதியம் வழங்குமாறு சங்கத்தின் வழியாக மனு எழுதினேன். சங்கச் செயலாளர் 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றை எடுத்துக்காட்டினார். தில்லிக் காவல்துறையில் ஓட்டுநராயிருந்த காவலர் ரந்தீர் சிங், பிற அரசு ஓட்டுநர்களுக்கு நிகரான ஊதியம் கேட்டார். உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. சம வேலைக்குச் சம ஊதியம்!

அன்று மாலை, உடன் பணியாற்றிய தினக்கூலிப் பெண் கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க பாக்குற வேலையத்தான நானும் பாக்குறேன். அந்தச் சட்டம் எனக்குக் கெடையாதா?"

நான் தலைகுனிந்தேன். எனக்கென நீதி கேட்ட நெஞ்சம் பக்கத்திலிருந்தவரை எண்ணிப் பார்க்கவேயில்லை. சங்கத்தில் அவருக்கு இடமும் இல்லை. மறுநாள் அவருக்காகவும் ஒரு மனு எழுதினோம். என் பதவி மாறியது; அவர் கூலி மாறவில்லை.

நான் ஓய்வுபெற்ற பின், 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பளித்தது. அரசின் நிரந்தரப் பணியாளர் செய்யும் அதே வேலையைச் செய்யும் தற்காலிகப் பணியாளருக்கும், அப்பதவிக்குரிய ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத் தொகை உரியது என்றது. அச்செய்தி வந்த நாளிதழை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாசித்துவிட்டு, "இதுக்கும் ஒரு மனு எழுதணுமோ அண்ணாச்சி?" என்றார்.

அன்றே எழுத உட்கார்ந்தோம்.