முதலில் எந்தக் கேசட்?

பரண்மேல் கிடக்கும் கேசட்டுகளைக் கணினியில் ஏற்ற உட்காரும் யாருக்கும் கை முதலில் சினிமாப் பாட்டுக்குத்தான் போகும். எண்பதுகளில் ஊருக்கு ஊர் ரிக்கார்டிங் கடை உண்டு. பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால், 'அறுபதா, தொண்ணூறா?' என்று கேட்டுவிட்டு, இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். அந்தக் கேசட்டுகளோடு வளர்ந்த எனக்கு, இன்றும் ஒரு பாட்டு முடிந்ததும் அந்த வரிசையில் அடுத்து வந்த பாட்டு காதில் தானாக எழும். ஆனாலும் அந்தப் பாட்டுகள் எங்கும் போய்விடவில்லை. கைபேசியில் தேடினால் இன்னும் தெளிவாகவே கிடைக்கின்றன.

முதலில் எடுக்க வேண்டியவை, வேறெங்கும் பிரதி இல்லாதவை. துபாயிலிருந்து மாமா பேசி அனுப்பிய கேசட். பாட்டி பாடிய தாலாட்டு. குழந்தை மழலையில் சொன்ன ஆத்திசூடி. மேலட்டையில் பெயர்கூட இல்லாமல், பாதியில் சினிமாப் பாட்டு ஏறிக் கிடக்கும் கேசட்டில்தான் பெரும்பாலும் இவை இருக்கும். ஆகவே எதையும் குப்பை என்று ஒதுக்குவதற்கு முன் இரண்டு பக்கமும் ஓடவிட்டுக் கேட்டுவிட வேண்டும். அதற்கும் முன்னால், கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள். அவை இல்லாவிட்டால் ரிக்கார்டு பட்டன் இறங்காது; இருக்கும் குரல் அழியாது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய இந்தக் கேசட்டில் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர்தான். நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓடும் அந்த நாடாவில், இரு பக்கத்துக்குமாக நான்கு ஒலித்தடங்கள். அவ்வளவு மெல்லிய தடத்தைப் படிக்கும் ஹெட்டில் கொஞ்சம் அழுக்கு படிந்தாலும் ஓசை மங்கிவிடும். பஞ்சுக்குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் தொட்டு ஹெட்டைத் துடைத்து, உலர்ந்ததும் கேசட்டை ஒருமுறை முன்னும் பின்னும் முழுக்க ஓட்டினால் நாடாவின் இறுக்கம் தளரும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத்துண்டு உதிர்ந்திருந்தால், திருகாணி வைத்த வேறொரு கேசட்டைத் திறந்து அதற்குள் நாடாவை மாற்றிவிடலாம். ஹெட்டின் சாய்வு மாறினாலும் குரல் அடைத்ததுபோல் ஆகும். அதன் பக்கத்துத் திருகாணியை மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் துலங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

பிறகு டேப் ரிக்கார்டரைக் கணினியோடு இணைத்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி மென்பொருளில் பதியலாம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் வேவ் கோப்பாகச் சேமித்தால், 45 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 475 எம்பி ஆகும். எம்பி3யை அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டு டெக்கில் இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. 45 நிமிடக் குரலுக்கு 45 நிமிடம் உட்கார வேண்டும். அதை நான் பாரமாக நினைப்பதில்லை. பாட்டியின் தாலாட்டுக்கு நடுவே பாத்திரம் உருளும் சத்தம், தெருவில் யாரோ கூப்பிடும் குரல், 'பதியுதாடா?' என்று அவரே கேட்டுவிட்டு மறுபடி பாட்டை எடுப்பது என்று அந்த வீடே அதற்குள் இருக்கிறது. இரைச்சலை நீக்கும் வசதியை அளவு மீறிப் பயன்படுத்தினால் இவையும் தேய்ந்து, குரலின் உயிரும் போய்விடும். அதனால் முதல் பதிவைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, அதன் பிரதியில் மட்டும் கைவைக்கிறேன்.

கோப்புக்குப் பெயரிடும்போதுதான் பெரிய கேள்வி வரும்: இது யார் குரல், எந்த ஊர், எந்த ஆண்டு? 'கேசட் 7' என்று விட்டால், பேரப்பிள்ளைகளுக்கு அது யாரோ ஒருவரின் குரல். பதில் தெரிந்த அத்தையும் பெரியப்பாவும் இன்று நம்மோடு இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள்; சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். நாடா இன்னும் சில ஆண்டு தாங்கலாம். குரலை அடையாளம் சொல்லும் ஆட்களுக்காகத்தான் இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.