கந்தோருக்குச் சைக்கிளில் போனால் கௌரவம் குறையுமா?

கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இப்போது தவறாமல் எழும் ஒரு கேள்வி இருக்கிறது. படிப்பு, தொழில், குடும்பம் எல்லாம் விசாரித்து முடிந்த பின், குரலைச் சற்றுத் தாழ்த்தி, "மாப்பிள்ளைக்கு வாகனம் ஏதும் இருக்கா?" என்பார்கள். வாகனம் என்றால் கார். குறைந்தது ஒரு மோட்டார் சைக்கிள். என் தங்கையின் மகனுக்குப் பேச்சு வந்த இடத்தில் தரகர் இதைக் கேட்டார். பிள்ளை ஒளிவு மறைவில்லாமல், "சைக்கிள் இருக்கு" என்று சொல்லிவிட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

பிள்ளை கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் நல்ல சம்பளம் எடுப்பவர். மாளிகாவத்தையிலிருந்து கந்தோருக்குக் கால் மணித்தியாலத்தில் போய்ச் சேரலாம் என்பதால் சைக்கிளில் போகிறார். தங்கை இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "மாமாவப் பார்த்துத்தான் இவனும் இப்படி ஆனான்" என்று பழி என் தலையில் விழுந்தது. நானும் 2022 ஜூன் மாதத்திலிருந்து சைக்கிளில்தானே கோட்டைக்குப் போய் வருகிறேன்!

அந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல், 2022 ஜூன் 26இல் 470 ரூபாவுக்கு ஏறியது. கையில் காசிருந்தாலும் பொருள் இல்லை. அடுத்த நாளே, அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர மற்றவர்களுக்கு ஜூலை 10 வரை எரிபொருள் கிடையாது என்று அரசாங்கம் அறிவித்தது. பிறகு கியூ.ஆர். முறை வந்தது. ஆரம்பத்தில் கிழமைக்குக் காருக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள்.

அந்த நாட்களில் டை கட்டிய மனேஜர்மாரும் சைக்கிள் மிதித்துக் கோட்டைக்கு வந்தார்கள். துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிளெல்லாம் யானை விலை குதிரை விலைக்குப் போயிற்று. அப்போது எவரும் யாருடைய கௌரவத்தையும் விசாரிக்கவில்லை. 2023 செப்டெம்பரில் கியூ.ஆர். முறை நீங்கியது. அதற்கு முன்பே பெரும்பாலான சைக்கிள்கள் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியும் திரும்பத் திறக்கப்பட்டது. காலை எட்டு மணிக்கு மருதானைச் சந்தியில் நின்று பார்ப்பவர்களுக்கு மேலும் விளக்கம் தேவைப்படாது.

என் பயணத்தைச் சொல்கிறேன். வீடு தெமட்டகொடையில். கோட்டைக்கு ஏறக்குறைய நான்கு கிலோமீற்றர். பஸ்ஸுக்கு நிற்பது, பஸ் நெரிசலில் நிற்பது எல்லாம் சேர்த்தால் முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். சைக்கிளில் அவசரப்படாமல் போனாலும் இருபது நிமிடம். கொழும்பு மாநகர எல்லை மொத்தமே சுமார் 37 சதுர கிலோமீற்றர்தான். நிலமும் பெரும்பாலும் சமதரை. நான் போகும் வழியில் மருதானைப் பாலத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தி மிதிக்க வேண்டும்.

வியர்க்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். வியர்க்கும். ஆறே முக்காலுக்குப் புறப்பட்டால் குறைவாக வியர்க்கும். கந்தோரில் முகம் கழுவி, பையில் இருக்கும் சேர்ட்டை மாற்றிக்கொண்டால் பஸ்ஸில் கசங்கி வந்தவரைவிட நான் பார்வையாக இருப்பேன். மழை? ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை பிடித்தால் சைக்கிளைக் கந்தோரிலேயே பூட்டிவிட்டு பஸ்ஸில் வந்துவிடுவேன். சைக்கிள் வைத்திருப்பவன் பஸ்ஸில் ஏறக்கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லையே.

வெயிலும் மழையும் என்னை அவ்வளவு வருத்தவில்லை. வருத்தியது கந்தோர் வாசல்தான். எரிபொருள் வரிசைகள் குறைந்த பிறகு ஒரு நாள் காலையில் காவலாளி என்னை மறித்தார். "ஐயா, இனி சைக்கிள் உள்ள எடுக்க வேணாமாம். வாகனத்துக்கு மட்டும்தான் இடமாம்." அந்த மனிதரைக் குறை சொல்ல மாட்டேன், அவரே கொலன்னாவையிலிருந்து சைக்கிளில் வருபவர். தன் சைக்கிளைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு தூணோடு சங்கிலி போட்டு வைத்திருந்தார். கட்டட நிர்வாகத்தில் போய்க் கேட்டேன். சைக்கிள்கள் முன்வாசலில் நின்றால் வருகிற வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று பதில் கிடைத்தது. இருபத்தாறு வருடம் கணக்கு எழுதிய எனக்கு வாய்ப்பேச்சைவிடக் கணக்குத்தான் சரிவரும். மத்தியானம் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வாகனத் தரிப்பிடத்துக்கு இறங்கினேன். ஒரு காருக்குக் கோடு போட்ட இடம் பதினாறு அடி நீளம், எட்டு அடி அகலம். ஒரு சைக்கிளுக்கு ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் போதும். ஒரே ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுச் சைக்கிள்கள் தாராளமாக நிற்கும். இதை ஒரு தாளில் கீறி, எங்கள் முதலாளியின் கையெழுத்தோடு கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து, ஜெனரேட்டருக்குப் பின்னால் ஓர் ஓரத்தை ஒதுக்கித் தந்தார்கள். கூரை கொஞ்சம் ஒழுகும். என்றாலும் இடம் இடம்தான். இன்று அங்கே ஏழு சைக்கிள்கள் நிற்கின்றன. அதில் ஒன்று காவலாளியுடையது.

பயம் என்ற ஒன்றும் இருக்கிறது. அதை நான் சிறிதாக்கிப் பேசமாட்டேன். ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும் தனியார் பஸ்கள், பின்னால் பார்க்காமல் காரின் கதவைத் திறப்பவர்கள், எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாத முச்சக்கர வண்டிகள் — சைக்கிள்காரன் இவர்கள் எல்லோரையும் நம்பித்தான் வீதியில் இறங்க வேண்டியிருக்கிறது. பின்விளக்கும் மணியும் நல்ல பிறேக்கும் இல்லாமல் யாரும் புறப்பட வேண்டாம். நிறுத்திய கார்களிலிருந்து ஒரு கதவு தூரம் தள்ளியே ஓட்ட வேண்டும். பஸ்ஸின் இடப்பக்கத்தால் நுழையவே கூடாது.

எங்கள் வீட்டில் இந்தச் சைக்கிளுக்கு முதல் ஆதரவு என் மனைவியிடமிருந்து வந்தது. அவள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். 1990 ஒக்டோபர் கடைசியில், புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றியபோது பத்து வயதுப் பிள்ளையாகப் புத்தளத்துக்கு வந்தவள். விட்டுவந்த பொருட்களைப் பற்றிப் பேசும்போது நகையைவிட முதலில் அவள் சொல்வது, தன் வாப்பாவின் றலி சைக்கிளை. அந்த ஊரில் டொக்டரும் வாத்தியாரும் சைக்கிளில்தான் போவார்களாம். பின்னாளில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல் போனபோது ஊரே சைக்கிளில்தான் ஓடியது. இன்றைக்கும் யாழ்ப்பாணத்தில் பாடசாலை ஆசிரியைகள் சாரியோடு சைக்கிள் ஓட்டிச் செல்வதைக் காணலாம். கொழும்பில் ஒரு பெண் கந்தோருக்குச் சைக்கிளில் வந்தால் சந்தியில் நிற்பவர்கள் வாய் மூடமாட்டார்கள். குறுக்குக் கம்பி இல்லாத, சங்கிலிக்கு மூடி போட்ட பெண்கள் சைக்கிளில் அபாயாவோடும் ஓடலாம் என்று என் மனைவி சொல்கிறாள். மகளுக்கு ஆசை இருக்கிறது. அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. அதற்குக் காரணம் உடையோ ஊர்வாயோ அல்ல. நான் மேலே சொன்ன பஸ்கள்தான்.

சைக்கிள் என்றதும் எல்லோரும் ஒல்லாந்தைச் சொல்வார்கள், அங்கே பிறவியிலேயே சைக்கிளோடு பிறக்கிறார்கள் என்பது போல. உண்மை அப்படியில்லை. 1960களில் அங்கும் கார்கள் நகரங்களை நிறைத்துச் சைக்கிளை ஓரம் கட்டின. 1971இல் மட்டும் வீதி விபத்துக்களில் 3,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் நூற்றுக்கணக்கானோர் சிறுவர்கள். பெற்றோர் வீதிக்கு இறங்கிப் போராடினார்கள். 1973இல் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்ததும், நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதை அரசாங்கம் தடை செய்தது. சில மாதங்களில் எண்ணெய் திரும்பி வந்தது. ஆனால் அவர்கள் சைக்கிளைக் கைவிடவில்லை. அதற்கென்று தனிப்பாதைகளை வருடக்கணக்காகக் கட்டிக்கொண்டே போனார்கள். நமக்கு 2022இல் வாய்த்ததும் அப்படி ஒரு சந்தர்ப்பம்தான்.

இங்கே ஒரே நாளில் தனிப்பாதை போடச் சொல்லி நான் கேட்கவில்லை. புறக்கோட்டையில் நாட்டாமைமாரின் கைவண்டிக்கே வழி போதாது. ஆனால் குறுக்குத்தெருக்களில் வாகனங்கள் ஏற்கெனவே ஆமை வேகத்தில்தான் போகின்றன. அங்கே சைக்கிளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. வேகம் குறைக்கப்பட வேண்டியது ஒல்கொட் மாவத்தை போன்ற பெரிய வீதிகளில். அடுத்தது கோட்டை ரயில் நிலையம். கம்பஹா பக்கத்திலிருந்து வந்து இறங்குபவர்களில் எத்தனையோ பேர் அங்கிருந்து கொம்பனித்தெருவுக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இன்னொரு பஸ் பிடிக்கிறார்கள். இரவில் பூட்டி வைக்கக் காவலோடு ஓர் இடம் அங்கே இருந்தால், ஒரு பழைய சைக்கிளை வாங்கி நிறுத்தி வைத்து அந்த மீதித் தூரத்தை மிதித்தே போய்விடலாம். ஒரு சிறு வாடகை வாங்கினாலும் கொடுப்பார்கள்.

முதலாளிமாரிடம் கேட்பதற்கும் இருக்கிறது. கார் வைத்திருக்கும் உத்தியோகத்தருக்குப் பெற்றோல் காசு கொடுக்கிற கம்பனிகள், சைக்கிளில் வருபவருக்கு வருடத்துக்கு ஒரு சோடி டயர் வாங்கிக் கொடுத்தால் என்ன? எங்கள் கந்தோரில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒரு சகோதரி, தானும் வெள்ளவத்தையிலிருந்து சைக்கிளில் வரத் தயார், உடை மாற்ற ஒரு பூட்டுப் போட்ட அறை மட்டும் வேண்டும் என்கிறார். பழைய கோப்புகள் அடுக்கிய சிறிய அறை ஒன்று மூன்றாம் மாடியில் இருக்கிறது. அதன் நீள அகலத்தை அளந்து எழுதி, போன மாதம் கடிதம் கொடுத்திருக்கிறோம்.