பொகோட்டாவுக்கு அம்பத்தூரில் ஒரு ரசிகர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதை முதலில் காதுதான் சொல்லும். பவர் பிரஸ்கள் ஒவ்வொன்றாக அடங்கும். கிரைண்டரின் கிறீச்சல் நிற்கும். டிபன் டப்பா திறக்கும் சத்தமும் மனிதக் குரல்களும் அப்போதுதான் வெளியே வரும். டீக்கடை பெஞ்சுக்கு நேர் எதிரே ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. உள்ளே நான்கு பேர் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டப்பாக்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். வைஸின் வாயில் துணி சுற்றிக் கவ்வ வைத்த ஒரு செல்போனை நால்வரும் பார்க்கிறார்கள்.

திரையில் சிவப்பு அங்கி, டாலி முகமூடி. ‘மணி ஹைஸ்ட்’. அலெக்ஸ் பினா உருவாக்கி, 2017 மே மாதம் ஸ்பெயினின் ஆன்டெனா 3 தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர். பிறகு நெட்ஃபிளிக்ஸ் வழியாக உலகம் சுற்றியது. 2021இல் தமிழ்க் குரலும் பெற்றது. அந்த வருட டிசம்பரோடு முடிந்தும் போனது. இந்தப் பட்டறையில் இன்னும் முடியவில்லை. தினம் அரை மணி நேரம்தான் ஓடுகிறது.

நால்வரில் மூத்தவரை மற்றவர்கள் மேஸ்திரி என்கிறார்கள். ஐம்பதைத் தாண்டியிருப்பார். முன்னங்கைகள் இரண்டிலும் பொறி பட்ட தழும்புகள். கொள்ளைக்குத் திட்டம் போடும் பேராசிரியரின் காதல் காட்சி வரும்போது ரசம் ஊற்றிக்கொள்கிறார். டோக்கியோ பேசும்போது ஊறுகாய் பொட்டலத்தைப் பிரிக்கிறார். பொகோட்டா வந்தால் மட்டும் கை சாப்பாட்டிலேயே நின்றுவிடுகிறது. பொகோட்டா ஒரு வெல்டர். ஸ்பெயின் வங்கிக் கொள்ளையில், தண்ணீர் நிரம்பும் பெட்டக அறைக்குள் இறங்கும் குழுவுக்கு அவன்தான் தலை.

“டேய், கொஞ்சம் பின்னாடி தள்ளு.”

ஹெல்பர் பையன் விரலால் தள்ளுகிறான். மேஸ்திரி குனிந்து பார்க்கிறார். அவர் பார்ப்பது நடிகரின் முகத்தை இல்லை, கையை.

அந்தத் தொடரைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். ஆளும் வர்க்க எதிர்ப்பு, முகமூடி அரசியல், இத்தாலியப் பாட்டு என்று. இங்கே உட்கார்ந்து பார்க்கும்போது எனக்குத் தெரிவது வேறு. அதில் ஒரு சுரங்கத் தொழிலாளி இருக்கிறான், பெயர் மாஸ்கோ. அவன் தோண்டாமல் முதல் கொள்ளை நகராது. நைரோபி நோட்டு அச்சடிப்பதைத் தரம் பார்க்கிறாள், பிறகு தங்கம் உருக்கும் உலையையும் மேற்பார்வையிடுகிறாள். கதை முழுக்கக் கைவேலைக்காரர்களை நம்பி நிற்கிறது. இதே மேற்குப் புறநகரில், செம்பரம்பாக்கம் பக்கம், ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருக்கிறது. பிக் பாஸ் வீடும் அங்கேதான் போடுகிறார்கள். நம் சீரியல்களில் மாமியார்களுக்கும் மருமகள்களுக்கும் பஞ்சமில்லை. ஒரு வெல்டரை நம்பி ஒரு காட்சி நின்றதாக எனக்கு நினைவில்லை. இந்த எஸ்டேட் 1960களில் உருவானது. இங்கே எத்தனை ஆயிரம் பேர் தீயைக் கையில் பிடித்து வாழ்ந்திருப்பார்கள்! அவர்களைக் கதையாகப் பார்க்க மாட்ரிட் வரை போக வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

“நம்ம டார்ச்சுல தங்கம் உருகுமாண்ணே?” என்கிறான் பையன்.

“ஆயிரத்துச் சொச்சம் டிகிரிதான். ஊதுகுழல்லயே உருக்குறாங்க. இரும்புதான் கஷ்டம்.”

“அப்போ இரும்ப எப்புடி வெட்டுறோம்?”

மேஸ்திரி கையைக் கழுவிவிட்டு வருகிறார். சொல்லிக்கொடுக்கும்போது அவர் குரல் தாழ்கிறது. நெருப்பு இரும்பைச் சிவக்க வைப்பதோடு சரி. அப்புறம் அமுக்கி விடுகிற ஆக்சிஜன்தான் வெட்டுகிறது. சிவந்த இரும்பு அதில் தானே எரிந்து கசடாக ஓடிவிடும். எஸ்.எஸ். எனும் துருப்பிடிக்காத எஃகு அப்படி ஓடாது. அதிலிருக்கும் குரோமியம் மேலே ஒரு தோல் கட்டிக்கொண்டு ஆக்சிஜனை உள்ளே விடாது. பையன் தலையாட்டுகிறான். ஒடிசாவிலிருந்து வந்த இளைஞன் இந்தியில் ஏற்கனவே தொடரைப் பார்த்து முடித்தவன்; அவனும் இப்போது திரையை விட்டுவிட்டு மேஸ்திரியைப் பார்க்கிறான்.

கிரைண்டர் பிடிப்பவர்தான் சேலம் ரயிலைப் பேச்சுக்குள் இழுக்கிறார். 2016 ஆகஸ்ட். சேலத்திலிருந்து எழும்பூருக்கு, ரிசர்வ் வங்கிக்குச் சேர வேண்டிய 342 கோடி ரூபாய் பழைய நோட்டுகள் ரயிலில் வந்தன. பெட்டியின் கூரையில் ஓட்டை போட்டு 5.78 கோடியை எடுத்துவிட்டார்கள். சென்னைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. 2018இல் மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்றை சி.பி.சி.ஐ.டி. பிடித்தது. திருடிய மூன்றே மாதத்தில், நவம்பர் 8ஆம் தேதி இரவு, ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போயின.

“ஓடுற வண்டியில, ராத்திரில… வேலைக்காரன்தான்யா.” சொல்லும்போது அவர் கண்ணில் ஒரு மினுக்கம்.

மேஸ்திரி சிரிக்கவில்லை. “திருச்சூர்ல மூணு ஏ.டி.எம். அறுத்தானுங்களே. கன்டெய்னர்ல ஏறி வந்து நாமக்கல் பக்கம் மாட்டினானுங்க. அதுல ஒருத்தன் செத்தான். அதுவும் கேஸ் கட்டர்தான்.” ஆணியில் தொங்கும் தன் டார்ச்சை ஒருமுறை பார்க்கிறார். 2024 செப்டம்பரில் நடந்தது அது. போலீஸ் சுட்டதில் ஒருவன் இறந்தான், இன்னொருவன் காயம்பட்டான். பின்னணி இசை ஏதும் இல்லை. அதே வருடம் ஏப்ரலில் ஆவடி முத்தாபுதுப்பேட்டையில் பட்டப்பகலில் நகைக்கடைக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவர்களுக்கும் எந்தப் பேராசிரியரும் திட்டம் போட்டுத் தரவில்லை. கடைக்காரர் கட்டுண்டு கிடந்தார்.

பேச்சு சற்று நேரம் படுத்துவிடுகிறது. பையன்தான் அதைத் தூக்கி நிறுத்துகிறான். தொடரில் வருவதுபோல நமக்கும் ஊர்ப் பெயர் வைத்தால் யாருக்கு என்ன பெயர்? கிரைண்டருக்கு வேப்பம்பட்டு, தினமும் அங்கிருந்துதான் ரயில் ஏறுகிறார். ஒடிசாப் பையனுக்குப் பட்டரவாக்கம், அறை அங்கே. தனக்குத் திருநின்றவூர் என்று அவனே முடிவு செய்துகொள்கிறான். மேஸ்திரிக்கு?

“எனக்கு பொகோட்டாவே இருக்கட்டும்டா.”

மணி ஒன்று. செல்போனை எடுத்து வைஸைக் காலி செய்கிறார்கள். தரையில் கிடக்கும் வேலை இப்போதுதான் கண்ணில் படுகிறது: சதுரக் குழாய்களில் பாதி முடிந்த ஒரு கனத்த கிரில் கதவு. ஓனர் டிராயிங்கை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். பூந்தமல்லியில் ஓர் அடகுக்கடைக்காம். சாயங்காலம் வண்டி வரும்.

மேஸ்திரி குழாய் ஒன்றைத் தூக்கி அதன் வாய் வழியாக உள்ளே பார்க்கிறார்.

“டேய், அந்த எஸ்.எஸ். ராடு மிச்சம் இருக்குல்ல? அளவுக்கு அறுத்து ஒவ்வொரு குழாய்க்குள்ளயும் ஒண்ணு சொருகு. அப்புறம் மூடி வெல்ட் வெச்சிடலாம்.”

“டிராயிங்ல இல்லியேண்ணே.”

“இல்லதான். நீ சொருகு.”