பிடியரிசியும் பெருங்கொடையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுவீதியில் முரசுமோட்டையையும் தருமபுரத்தையும் கடந்தால் வருவது விசுவமடு. இன்று அதனைப் பார்ப்பவர்க்கு ஒரு சந்தியும் சந்தையும் சில கடைகளுமே கண்ணிற்படும். ஆயின் அது ஒரு காலத்தில் பணம் விளைந்த மண். படித்த வாலிபர் திட்டத்தின்கீழ்க் காணி பெற்ற இளைஞர்கள் காட்டை வெட்டித் திருத்தி அங்கே மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டார்கள். 1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் அப்பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்தபோது செத்தல் மிளகாய் மூட்டைக்கு இருந்த மதிப்பை முதியவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். பின்பு இறக்குமதிக் கதவு திறந்தது, விலை வீழ்ந்தது. அதற்கும் பின்பு யுத்தம். 2009 ஜனவரியில் ஊர் முழுவதும் வெறிச்சோடிற்று. கிழக்கே கடற்கரை வரை ஓடி உயிர் தப்பியவர்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமிலே கம்பிவேலிக்குள் வரிசையில் நின்று சோறு வாங்கினார்கள். வந்தாரை வரவேற்று விருந்திட்ட வன்னியான் கையில் கோப்பையுடன் நின்றான்.

இந்த ஊரிலுள்ள ஒரு சிறிய கிறிஸ்தவ சபையார் தங்கள் ஆலயத்துக்குக் காணிக்கை கொடுக்கும் முறையைப் பற்றிச் சில வார்த்தை எழுத விரும்புகிறோம். நாம் சைவர், கல்லூரியொன்றில் தமிழ் கற்பிப்பவர். பிற சமயத்தாரின் காணிக்கைப் பையைப் பற்றி உமக்கென்ன பேச்சு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். பீட்டர் பேர்சிவல் பாதிரியாருக்குத் துணைநின்று விவிலியத்தைத் தமிழாக்க உழைத்தவர் நம் ஆறுமுக நாவலர். ஆகையால் அந்நூலைப் படிக்கவும் அதன்படி ஒழுகுவோரைப் பார்க்கவும் சைவனொருவன் எவரிடமும் அனுமதி பெறவேண்டியதில்லை.

எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் இப்போது அச்சபையின் தனாதிகாரி. காலபோக அறுவடை முடிந்தபின் மாசி மாதத்து ஞாயிறொன்றில் நடக்கும் நன்றியறிதல் ஆராதனைக்கு அவர் எம்மை அழைத்திருந்தார். தகரக் கூரை, அரைச் சுவர், சாணி மெழுகாத குறை ஒன்றைத் தவிர நம் கிராமத்துப் பிள்ளையார் கோயில் மடத்துக்கும் அதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. பாட்டு முடிந்ததும் சனங்கள் எழுந்து வரிசையாக வந்தார்கள். நெல் மூட்டை கொணர்ந்தவர் இருவர் மூவரே. மற்றவர் கைகளில் தேங்காய், முருங்கைக்காய், பூசணிக்காய், முட்டை, கால் கட்டிய சேவல். கடைசியாகப் பெண்கள் சிறு சிறு பைகளைக் கொண்டுவந்து முன்னே விரித்திருந்த பாயில் இருந்த கடகத்தில் கொட்டினார்கள். அத்தனையும் அரிசி. ஒரு பையில் குத்தரிசி, மறு பையில் பச்சையரிசி, இன்னொன்றில் கடையில் வாங்கிய வெள்ளை அரிசி. எல்லாம் ஒன்றாய்க் கலந்து பல நிறமாய்க் கிடந்தது.

இதுதான் பிடியரிசி. உலை கொதிக்கும்போது, அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து வேறாக ஒரு பேணியில் இடுவது. வாரக் கடைசியில் அதனை ஆலயத்துக்குக் கொண்டுவருவது. பணம் கையிலில்லாத வீட்டிலும் அடுப்பு எரியும் நாளெல்லாம் காணிக்கை உண்டு. நமக்கும் இது புதிதன்று. சைவப் பாடசாலைகள் எழுந்த காலத்தில் நம் பாட்டிமாரும் பிடியரிசி ஒதுக்கியவர்களே. உண்ணுமுன் பிறருக்கென்று சிறிது ஒதுக்கச் சொன்னவர் திருமூலர். இடையிலே நாம் அதை மறந்தோம், அவர்கள் மறக்கவில்லை.

ஆராதனையின் பின் ஏலம். அந்த ஏலத்தைக் காண்பதற்காகவே ஒருவர் அங்கே போகலாம். ஒரு பூசணிக்காய் மூன்று முறை விற்கப்பட்டது. வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காயைத் திரும்பவும் ஏலத்துக்கு விட்டார். அடுத்தவரும் அவ்வாறே செய்தார். மூன்றாமவர் வீட்டில் கறிக்கு வேறொன்றும் இல்லையாம். அவர் அதனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடகத்தில் அரிசி கொட்டிய பெண்களுள் ஒருவர் எமக்கு முன்னரே தெரிந்தவர். கணவர் இறுதி யுத்தத்தில் மாண்டார். இரண்டு பிள்ளைகள். வாரந்தோறும் நுண்கடன் நிறுவனத்துக்குத் தவணை கட்டுகிறவர். போருக்குப் பின் வடக்கில் இந்த நுண்கடன் எத்தனை குடும்பங்களின் கழுத்தை இறுக்கியது என்பது வாசகர் அறிந்ததே. வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற இத்தகைய கடன்களை ஓர் இலட்சம் ரூபா வரையில் தள்ளுபடி செய்ய 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அத்தகைய நிலையிலுள்ள ஒருவரிடம் ஆலயம் அரிசி வாங்கலாமா? வாங்குவது தருமமா?

இந்த வினாவைப் போதகரிடமே கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "முதல் வருசம் நானும் அப்பிடித்தான் நினைச்சனான், சேர். ஆண் துணை இல்லாத குடும்பங்கள் காணிக்கை தரத் தேவையில்லை எண்டு பிரசங்கத்திலேயே சொல்லிப்போட்டன். ஆராதனை முடிஞ்சு வெளியில வர ஆறேழு பெண்கள் காத்து நிக்கினம். 'ஐயா, முகாமில மூண்டு நேரமும் ஏந்தி வாங்கினம். இப்ப வீட்டில உலை வைக்கிறம். எங்கட உலையில இருந்து ஒரு பிடி எடுத்துக் குடுக்கக்கூடாது எண்டு நீங்கள் எப்பிடிச் சொல்லுவியள்?' எண்டு கேட்டினம். நான் என்ன சொல்ல?"

அந்தக் கேள்வி எம்மை விட்டகலவில்லை. ஏழைக்கு உதவவேண்டும் என்று எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. ஏழையும் உதவுகிறவனாய் இருக்க உரிமையுடையவன் என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? நிவாரணம் வழங்குவோர் பெரும்பாலும் எண்ணுவதில்லை. வாங்குபவனைப் புகைப்படம் எடுப்பதோடு அவர்கள் வேலை முடிகிறது. பவுலடிகள் எருசலேமின் ஏழைகளுக்காகப் பல ஊர்ச் சபைகளிலும் பணம் திரட்டியபோது, கொடிய வறுமையிலிருந்த மக்கதோனியா நாட்டுச் சபையார் தாங்களும் கொடுப்பதற்கு இடந்தரும்படி அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார்களாம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இச்செய்தி வருகிறது. மக்கதோனியாவில் நடந்தது விசுவமடுவிலும் நடந்திருக்கிறது.

நம் நாட்டுக் கிறிஸ்தவர்களின் கொடைக்கு இன்னொரு வரலாறு உண்டு. யாழ்ப்பாணத்துக்கு 1816இல் அமெரிக்க மிஷன் வந்தது. வெளிநாட்டார் பணத்தால் நடந்த சபை என்று அதனைச் சொல்வோர் உண்டு. ஆயின் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் தறுவாயிலேயே யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்கள் சொந்தக் காசைச் சேர்த்துத் தமிழ்நாட்டுத் தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். 1902இல் இங்கே வந்த திருநெல்வேலி இளைஞர் அசரியா இதனைக் கண்டார். சின்னஞ்சிறு யாழ்ப்பாணம் செய்வதைப் பெரிய திருநெல்வேலி செய்யவில்லையே என்ற எண்ணம் அவரை உறுத்திற்று. அடுத்த ஆண்டே, 1903இல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் என்பன அதன் கொள்கை. 1912இல் அவர் தோர்னக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதலாவது இந்தியப் பேராயர் என்ற பெயரைப் பெற்றார். அவருடைய மக்கள் யார்? பெரும்பாலும் நிலமற்ற கூலிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களிடமும் அவர் தானியமும் கோழியும் பிடியரிசியும் வாங்கினார். வறுமை கொடாமைக்குக் காரணமாகாது என்பது அவருடைய உறுதியான கொள்கை. கிறிஸ்தவக் கொடை பற்றித் தனி நூலொன்றும் எழுதினார். வடகிழக்கு இந்தியாவின் மிசோரம் மலைகளிலும் 1910 முதல் பெண்கள் சமைக்குமுன் ஒரு பிடி அரிசி ஒதுக்கி வருகிறார்கள். அங்குள்ள சபை அனுப்பும் ஊழியர்களின் செலவில் அந்தப் பிடிக்குப் பெரும் பங்குண்டு.

இவ்வளவும் நல்ல பக்கம். மறுபக்கமும் உண்டு. பத்தில் ஒன்றைக் கொடு, ஆண்டவர் பத்து மடங்காகத் தருவார் என்று ஒலிபெருக்கியில் கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள் போருக்குப் பின் வன்னிக்கு வரத் தவறவில்லை. காதுத் தோட்டை அடகு வைத்துக் கொடுத்துவிட்டுப் பத்து மடங்குக்காகக் காத்திருக்கும் பெண்ணை நாம் அறிவோம். ஏழை விதவை இரண்டு காசு போட்டதை இயேசுநாதர் புகழ்ந்த கதையை இவர்கள் அடிக்கடி எடுத்துரைப்பார்கள். அதே மாற்கு சுவிசேஷத்தில் அக்கதைக்கு மேலே இரண்டொரு வரியில், நீண்ட செபங்களைச் செய்துகொண்டே விதவைகளின் வீடுகளை விழுங்குகிற வேதபாரகரை அவர் கண்டிக்கிறார். அந்த வரியை இவர்கள் வாசிக்கக் கேட்டதில்லை.

நம் பக்கமும் பெருமைப்பட அதிகமில்லை. வெளிநாட்டுக் காசு வந்தபின் கோபுரங்கள் உயர்ந்துவிட்டன. தூணிலே பெயர், படியிலே பெயர், மின்விளக்குக் குழாயிலும் 'உபயம்' என்று பெரிய எழுத்தில் பெயர். வெளிச்சம் வர இடமில்லை. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக்கூடாது என்ற போதனையைப் பெற்றவர்களின் ஆலய வாங்குகளிலும் இத்தகைய பெயர்களைக் கண்டதுண்டு. இதிலே இரு சமயத்தாரும் சமரசமாகவே இருக்கிறோம்.

விசுவமடுச் சபையில் எமக்குப் பிடித்தது ஒரு கரும்பலகை. பள்ளிக்கூடத்தில் கழித்த பழைய பலகைதான். வாசலுக்கு அருகே, செருப்புக் கழற்றும் இடத்தில் மாட்டப்பட்டிருக்கிறது. கொடுத்தவர் பெயர் ஒன்றும் அதில் இல்லை. அந்த மாதம் வந்த தொகை, அரிசி எத்தனை கொத்து, எதற்குச் செலவு, மீதி என்ன என்பவை மட்டும் எம் மாணவரின் கோணல் எழுத்தில் இருக்கும். (கல்லூரியிலும் அவர் எழுத்து அப்படித்தான்.) போதகருக்குக் கொடுத்த வேதனமும் மறைக்கப்படவில்லை. அரிசியின் ஒரு பகுதி ஊரிலே தனித்திருக்கும் முதியோர் சிலருக்குப் போகிறது. அவர்களில் விபூதி பூசுபவரும் உண்டு. பவுலடிகளும் திரட்டிய பணத்தைத் தாமே தனியாகக் காவிச் செல்லவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட அழைத்துக்கொண்டார். பெருந்தொகை விடயத்தில் ஒருவரும் தம்மைக் குறைசொல்ல இடம் வைக்கலாகாது என்று அவர் எழுதியிருப்பது, சங்கத் தனாதிகாரிகள் எல்லாரும் மேசையில் எழுதி வைக்கத்தக்க எச்சரிக்கை. ஏழையின் பிடியரிசியை வாங்கும் உரிமை கணக்குக் காட்டுகிறவனுக்கு மட்டுமே உண்டு என்பது எமது கருத்து.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தது. வன்னியிலும் வெள்ளம், வயல்கள் நீரில் மூழ்கின. மலையகத்திலோ மண் சரிந்து குடும்பங்களையே கொண்டுபோயிற்று. இனக்கலவரங்களால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்தப் பகுதியில் பலர்; ஆகவே இழவு தூரத்து இழவாக இருக்கவில்லை. சபையார் கூடினார்கள். கரும்பலகையில் கூரைத் தகரத்துக்கென்று மூன்று ஆண்டுகளாகச் சேர்த்த தொகை இருந்தது. கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது; அதனடியிலேயே கூட்டமும் நடந்தது. விவாதம் நெடுநேரம் சென்றதாக எம் மாணவர் சொன்னார். நமக்கே வெள்ளம், முதலில் நம் வீட்டைப் பார்ப்போம் என்றவர்களின் வாதத்திலும் நியாயம் இருந்தது. முடிவில் பாதித் தொகையையும் கடகத்து அரிசி முழுவதையும் மலைக்கு அனுப்புவதென்று தீர்மானித்தார்கள். கொண்டுபோக இரண்டு பேரைத் தெரிந்தார்கள். ஒருவர் தனாதிகாரி, மற்றவர் நாம் மேலே சொன்ன அந்த நுண்கடன்காரப் பெண்.

ஐந்தாம் நாள் இருவரும் திரும்பி வந்து, யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பலகையில் எழுதினார்கள். வாங்கியவர்கள் வெறுங்கையோடு அனுப்ப மறுத்து, தோட்டத்துத் தேயிலை ஒரு பொதி கொடுத்துவிட்டார்களாம். அது அடுத்த ஞாயிறு ஏலத்துக்கு வந்தது. நான்கு முறை விலைப்பட்டது என்று கேள்விப்பட்டோம்.