ஒரு சாண் குழாய்

பெரும்பாலான சட்டங்கள் செய்யாதே என்கின்றன. சில சட்டங்கள் மட்டும் எதை முதலில் செய்ய வேண்டும் என்று வரிசை சொல்கின்றன. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 6ஆம் பிரிவு இந்த இரண்டாவது வகை. துப்பாக்கிக் குழாயைக் குட்டையாக்குவதற்கென்றே ஓர் உரிமம் இருந்தால் குட்டையாக்கலாம். துப்பாக்கியை வைத்துக்கொள்ள வாங்கிய உரிமம் இதற்குச் செல்லாது.

இதை நான் படிக்கக் காரணம் என் பெரியப்பா மகன். சிறுமலை அடிவாரத்தில் மக்காச்சோளம் போடுகிறார். பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற ரகம். போன வருஷம் போன் செய்து கேட்டார்: "தம்பி, குழாய்ல ஒரு சாண் எடுத்துட்டா டிவிஎஸ்ல வச்சுட்டுப் போக லேசா இருக்கும். அதுக்கு எதுவும் ரூல் இருக்கா, பாத்துச் சொல்லுடா."

கேட்காமலே அவர் அறுத்திருக்கலாம். இது திண்டுக்கல். பூட்டுக்குப் பேர்போன ஊர், 2019இல் அந்தப் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரும்பை அளந்து அறுத்து அரம் போடத் தெரிந்த கைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. குழாயை அறுப்பது பத்து நிமிட வேலை. அனுமதி முன்னால் வர வேண்டும் என்று சட்டம் பிடிவாதம் பிடிப்பது வேலை இவ்வளவு சுலபம் என்பதால்தான்.

சட்டத்துக்குள் ஓர் எண் இருக்கிறது: 20 அங்குலம். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ சாதாரணக் குடிமகன் கேட்கக்கூடிய, உள்ளே மரை இல்லாத துப்பாக்கியின் குழாய் அதற்குக் குறையக் கூடாது என்கிறது 13ஆம் பிரிவு. நீளத் துப்பாக்கியைத் தோளில் போட்டு நடந்தால் ஊருக்கே தெரியும். குட்டையானது சட்டைக்குள் போய்விடும். வயலுக்கு வாங்கியது வேறு காரியத்துக்குப் போக அந்த ஒரு சாண் போதும். ஆனால் 6ஆம் பிரிவு 20 அங்குலம் வரை அறுத்துக்கொள் என்று சலுகை தரவில்லை. குறைப்பதே அதற்குக் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு தண்டனை குறைந்தது 7 ஆண்டுகள், அதிகபட்சம் ஆயுள்.

அமெரிக்காவிலும் வரிசை இதேதான். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி 16 அங்குலத்துக்குக் குறைவான குழாயோடு ரைஃபிள் செய்ய நினைப்பவர் முதலில் விண்ணப்பிக்க வேண்டும். ஒப்புதல் கைக்கு வந்த பிறகே செய்யலாம். விண்ணப்பம் போட்டாச்சு, எப்படியும் வந்துடும் என்று இடைவெளியில் வேலையை முடித்து வைத்தால் அது பதிவு செய்யாத ஆயுதம். பாகங்களைப் பூட்டாமல் வைத்திருந்தால் அது 'செய்தது' ஆகுமா என்ற கேள்வி 1992இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரே பெட்டியில் வந்த பாகங்களைச் சட்டப்படியும் பூட்ட வழி இருந்ததால் தீர்ப்பு கம்பெனி பக்கம் வந்தது.

என் தொழிலில் இது தலைகீழ். ராத்திரி அவசரத்துக்குக் கோடை மாற்றி ஏற்றிவிட்டு, காலையில் ஒப்புதல் வாங்குவோம். தப்பானால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிவிடலாம். அறுத்த குழாய் திரும்ப வளராது. திரும்பி வர வழியில்லாத வேலைக்கு அனுமதி முன்னால் வருவது நியாயம்தான்.

ஆனால் காத்திருப்பு யார் தலையில் விழுகிறது? மக்காச்சோளம் கதிர் பிடிப்பது கோப்பு நகர்வதற்காகக் காத்திருக்காது. தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். 2024 மார்ச் 16 அன்று தேதி அறிவித்தார்கள், ஜூன் 4 அன்று எண்ணினார்கள். நடத்தை விதி பன்றிக்குக் கிடையாது. அதைச் சுடுவதற்கும் 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அண்ணன் அதனால் வெறும் மருந்தை மட்டும் கெட்டித்து வெடிப்பார். அவருக்கு வேண்டியது சத்தம்.

"வேணாம்ணே. பேப்பர் கைக்கு வந்த பிறகுதான் ரம்பத்தையே தொடணும்" என்றேன்.

"பேப்பர் எப்ப வரும்?"

"தெரியலண்ணே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "சரி, தோள்வாரையாவது மாத்திக்கிறேன். அதுக்கு உரிமம் வேணாம்ல?"

வேண்டாம் என்றேன். இப்போது வாரை முதுகுக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். குழாய் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ரோட்டில் போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.