பரிசாக ஒரு விளையாட்டுப் பெட்டி



பிறந்தநாள் விழாவுக்கு எதனைக் கொண்டுசெல்லலாம் என்று பெற்றோர் பலர் என்னிடம் வினவுவதுண்டு. பலகை விளையாட்டு என்பதே என் விடை. நாம் வாழும் யேர்மனி இதற்குப் பெயர்பெற்ற நாடு. 1979ஆம் ஆண்டிலிருந்து இங்கே 'ஆண்டின் விளையாட்டு' என்னும் விருது வழங்கப்பட்டு வருகிறது. எசன் நகரிலே ஆண்டுதோறும் பெருங்கண்காட்சியும் நடைபெறுகிறது. ஆயினும், விருதுச் சின்னத்தைக் கண்டவுடன் பெட்டியை வாங்கிவிடலாகாது. அந்த வீட்டில் எத்தனை பேர், அவர்களுள் யேர்மன் மொழியை வாசிக்க அறியாதவர் எவர் என்று முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும்.

இரண்டாவது வினாவையே நான் பெரிதாகக் கருதுகிறேன். எம்மவர் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகள் தமக்குள் யேர்மன் மொழியில் உரையாட, அம்மம்மா ஒரு மூலையில் வாய்மூடி அமர்ந்திருப்பார். எழுத்து நிறைந்த அட்டைகளைக் கொண்ட விளையாட்டு அவரை மேலும் ஒதுக்கிவிடும்.

ஆகையால், புதியவர்களுக்கு நான் தெரிவுசெய்வது 'கார்க்கசோன்'. 2000இல் வெளிவந்து, 2001இல் அவ்விருதைப் பெற்றது. அடிப்படை ஆட்டத்தில் 72 சதுர அட்டைகள்; வாசிப்பதற்கு அவற்றில் எதுவுமில்லை. பாதையோடு பாதையும் மதிலோடு மதிலும் பொருந்துமாறு ஒவ்வொன்றாக வைக்கவேண்டும். இருவர் முதல் ஐவர் வரை ஆடலாம். வயலில் ஆளைப் படுக்கவைக்கும் விதி சற்றுச் சிக்கலானது. முதல் இரண்டு ஆட்டங்களுக்கு அதனை விட்டுவிடுங்கள்.

சென்ற ஆண்டு மாணவன் ஒருவனின் வீட்டில் இதனை ஆடினோம். "நாயும் புலியும் விளையாடினவளுக்கு இதென்ன பெரிய வேலையே" என்றபடி, பேரனின் நகரம் முடியாதவாறு அம்மம்மா ஓர் அட்டையை வைத்தார். (2009இல் வவுனியா முகாமில் மண்ணிலே கோடு கீறிக் கூழாங்கற்களால் நாங்களும் ஆடிய ஆட்டம் அது.) "அம்மம்மா, அதில வைக்காதேங்கோ!" என்று பேரன் கத்தினான். வகுப்பில் நான் தமிழில் கேட்கும் வினாவுக்கெல்லாம் யேர்மன் மொழியில் விடையிறுப்பவன் அவன்.

மழலையர் உள்ள வீட்டுக்கு 1986இல் வந்த 'ஒப்ஸ்ற்கார்ட்டன்', அதாவது பழத்தோட்டம், ஏற்றது. காகம் வருமுன் எல்லோரும் ஒன்றுசேர்ந்து 40 பழங்களைப் பறிக்கவேண்டும். ஒருவரையொருவர் தோற்கடிப்பதில்லையாதலால் அழுகையும் இல்லை.

1995இல் வெளிவந்த 'கட்டான்' புகழ்மிக்கதே. எனினும் மூவரோ நால்வரோ வேண்டும். புதுமணத் தம்பதியருக்கு அதனைக் கொடுத்து என்ன பயன்? வளர்ந்த மாணவர்க்கோ அது நன்று. எமது வகுப்பில் பண்டமாற்றைத் தமிழிலேயே செய்யவேண்டும் என்பது விதி. "உனக்கு இரண்டு செம்மறி தருகிறேன், எனக்கு ஒரு செங்கல் தா" என்று பேரம்பேசுகையில் நான்காம் வேற்றுமை தானாகவே வந்துவிடுகிறது!

கொடுப்பவரே முதல்நாள் விதிகளை வாசித்தறிந்து, கேக் வெட்டியபின் ஒரு மணிநேரம் தங்கி, முதல் ஆட்டத்தை அவர்களோடு ஆடிவிட்டு வருதல் வேண்டும். பிரிக்கப்படாத பெட்டிகள் அலுமாரியின் மேல் தூசி படிந்திருப்பதைப் பல இல்லங்களில் நான் கண்டிருக்கிறேன்.