சுருதி பிடிக்க ஓர் ஆள்

"மாடியில் யாரோ தகரத்தைப் போட்டு உடைக்கிறார்கள், போய்ப் பார்!" என்று அம்மா என்னை முதல் முதலாக விரட்டிய தினம் நன்றாக நினைவிருக்கிறது. போய்ப் பார்த்தேன். தகரமும் இல்லை, உடைப்பாரும் இல்லை. என் அண்ணன் பையன் கிதார் வாசித்துக்கொண்டிருந்தான். "ஹெவி மெட்டல், அத்தை!" என்றான் பெருமையாக.

கீழே வந்து, "உலோக சங்கீதமாம், அம்மா" என்றேன்.

"ஏன், நம் வீட்டில் பாத்திரக் கடையா வைத்திருக்கிறோம்?" என்றாள் அம்மா.

அது ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. நாளடைவில் செங்கல்பட்டில் எங்கள் தெருவே அந்த ஓசைக்குப் பழகிவிட்டது. எனக்குச் சென்னையில் பத்திரிகை உத்தியோகம். சனிக்கிழமை சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி நடந்தால், தெருமுனையிலேயே மருமகனின் கிதார் என்னை வரவேற்கும். ஆகையால், சென்ற ஆவணியில் ஒரு சனிக்கிழமை வீடு நிசப்தமாக இருந்ததும் எனக்குத் திக்கென்றது.

அண்ணி சமையலறைக்கு அழைத்துப் போய் ரகசியமாகச் சொன்னாள்: "இரண்டு நாளாகப் பையன் சரியாகச் சாப்பிடவில்லை. பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறாயே, அவனுக்கும் கொஞ்சம் சொல்லேன்!"

விஷயம் இதுதான். அவன் கோஷ்டியில் மொத்தம் நாலு பேர். டிரம்ஸ் வாசிக்கிற பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. அவன் பெட்டியைக் கட்டியதும், என் மருமகன் கிதாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டான்.

எங்கள் வீட்டில் ஓசை அடங்கிய இரண்டாவது கோஷ்டி இது. முதலாவது அம்மாவுடையது. இருபத்தெட்டு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் கூடத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து பஜனை பாடுவார்கள். அம்மா முன்பாட்டு, எதிர்வீட்டு அம்மாள் சுருதிப் பெட்டி. சென்ற தை மாதம் எதிர்வீட்டு அம்மாள் காலமானார். அன்று முதல் அம்மா வாய் திறந்து பாடவில்லை. "அவள் இல்லாமல் என்ன பாட்டு?" என்று ஒரே வார்த்தை. சுருதிப் பெட்டி மேல் தலையணை உறைகளை மடித்து அடுக்கிவிட்டாள்.

மறுநாள் அம்மாவையும் மருமகனையும் கிளப்பி மாமல்லபுரத்துக்குப் பஸ் ஏறினேன். தலசயனப் பெருமாளைச் சேவிக்க வேண்டும் என்று அம்மா வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பையனுக்குக் கடற்காற்று. எனக்கு இரண்டு பேருடைய வாயையும் கிளற ஒரு சந்தர்ப்பம்.

புத்தி சொன்னால் யாரும் கேட்பதில்லை. தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருப்பதில்லை. என் தொழில் கற்றுத்தந்த பாடம் இது. பஸ் புறப்பட்டதும், "ஒருத்தன் போனால் கோஷ்டியே போச்சா? இந்த ஹெவி மெட்டலைக் கண்டுபிடித்த அமெரிக்காக்காரர்கள் இப்படித்தான் மூலையில் உட்கார்ந்தார்களா?" என்றேன்.

"அமெரிக்கா இல்லை அத்தை, இங்கிலாந்து!" என்று துள்ளினான் பையன். மடை திறந்தது.

பர்மிங்ஹாம் என்பது தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். அங்கே 1968ல் நாலு வாலிபர்கள் சேர்ந்து தொடங்கியதுதான் பிளாக் சப்பாத் கோஷ்டி. ஓஸி ஆஸ்போர்ன் பாட்டு, டோனி அயோமி கிதார், கீஸர் பட்லர் பேஸ் கிதார், பில் வார்ட் டிரம்ஸ். முதல் இசைத்தட்டு 1970ல் வந்தது. அதற்கெல்லாம் முன்னால், அயோமிக்குப் பதினேழு வயதாயிருக்கும்போது, தகட்டுத் தொழிற்சாலை யந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர், வலது கைதான் தந்திகளை அழுத்தும் கை.

"ஐயோ பாவம்!" என்றாள் அம்மா. அதுவரை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, தையற்காரர் போட்டுக்கொள்வார்களே, அந்த மாதிரி விரலுக்கு உறை செய்துகொண்டார், பாட்டி. அப்படியும் தந்தியை அழுத்துவது சிரமமாக இருந்ததால், பிற்பாடு தந்திகளையே தளர்த்திவிட்டார். நம் கணக்கில் சொன்னால், மூன்று கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்கு இறக்கினார். 1971ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் கேட்கலாம். சுருதி இறங்க இறங்க நாதம் கனத்தது. அந்தக் கனம்தான் ஹெவி மெட்டல்!"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தரைக் கட்டையில் பாடிவந்தவள், வயதாக ஆகக் குரல் எட்டாமல் திண்டாடியது எனக்குத் தெரியும்.

திருக்கழுக்குன்றம் வந்தது. மலையைப் பார்த்து அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உச்சி வேளையில் அமுது உண்ண அந்த மலைக்கு வந்துகொண்டிருந்த இரண்டு கழுகுகள், வருவதை நிறுத்திப் பல வருஷங்களாகின்றன. ஊர்ப் பெயர் மாறவில்லை, பூஜையும் நிற்கவில்லை.

"பாடகரை 1979ல் வெளியே அனுப்பிவிட்டார்கள்" என்று தொடர்ந்தான் பையன். குடியும் போதையும் மிஞ்சிப் போயிற்றாம். ரானி ஜேம்ஸ் டியோ என்று வேறொருவர் வந்தார். 1980ல் அவர் குரலில் வந்த ஆல்பமும் பெரும் புகழ் பெற்றது. பிறகு அவரும் போனார். வேறு பாடகர்கள் வந்தார்கள், போனார்கள். டிரம்ஸ்காரர் போய்ப் போய் வந்தார். ஒவ்வொரு ஆல்பத்திலும் இருந்தவர் விரல் நுனி போன அந்த அயோமி ஒருவர்தான்.

"முதல் பாடகர் இல்லாவிட்டால் அது அந்தக் கோஷ்டியே இல்லை என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், பாட்டி."

"அவர்கள் சொல்வதுதான் சரி" என்றாள் அம்மா வெடுக்கென்று.

"அப்படியானால் சிங்கப்பூர் ருத்ராவை என்ன சொல்வாய்? அவர்கள் நம்மவர்கள்!"

சிங்கப்பூரில் 1992ல் ஆரம்பித்த கோஷ்டி ருத்ரா. பாட்டும் பேஸ் கிதாரும் கதிரேசன், டிரம்ஸ் சிவா. நடுவில் ஒரு தரம் கலைந்தும் போயிருக்கிறது. மறுபடி சேர்ந்து, 1998ல் முதல் ஆல்பம் போட்டார்கள். செல்வம், கண்ணன், தேவன் என்று கிதார் வாசித்தவர்கள் பல பேர். இத்தனை மாறுதலுக்கும் நடுவே கதிரேசனும் சிவாவும் விடவில்லை. ஹெவி மெட்டல் இரைச்சலுக்குள் வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகத்தையும் கொண்டுவந்து, அதற்கு 'வேதிக் மெட்டல்' என்று பெயரும் வைத்தார்கள். 2022லும் ஓர் ஆல்பம் வந்தது. கணக்குப் பார்த்தால் முப்பது வருஷம்!

"இரண்டே பேர் நிலைத்து முப்பது வருஷமா?" என்றேன். "உங்கள் கோஷ்டியில் இப்போது எத்தனை பேர் பாக்கி?"

"மூன்று" என்றவன், நான் எங்கே வருகிறேன் என்று புரிந்ததும் அசடு வழியச் சிரித்தான்.

பெருமாளைச் சேவித்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தோம். சுண்டல் வாங்கிக்கொண்டு, கடற்கரைக் கோயில் தெரிகிற இடமாகப் பார்த்து மணலில் உட்கார்ந்தோம். அப்போது அம்மாவே கேட்டாள்: "அந்த முதல் நாலு பேரும் மறுபடி ஒன்று சேரவே இல்லையா?"

"சேர்ந்தார்கள், பாட்டி. 2025 ஜூலை 5ந் தேதி, அவர்கள் வளர்ந்த பேட்டையில் உள்ள கால்பந்து மைதானத்தில் கடைசிக் கச்சேரி. ஓஸிக்குப் பார்க்கின்சன் வியாதி, நிற்க முடியவில்லை. சிம்மாசனம் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழாம் நாள் இறந்துபோனார்."

அம்மா சுண்டல் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டாள். வெகு நேரம் அலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாடிவிட்டுப் போனான், புண்ணியவான்" என்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "கடைசியாக அவளைப் பார்க்கப் போயிருந்தபோது, ஒரு பாட்டுப் பாடேன் என்றாள். நீ எழுந்து வந்து சுருதி போடு, அப்புறம் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் போய்விட்டாள்."

எட்டு மாதமாக எங்களில் யாருக்கும் தெரியாத விஷயம் இது. நாங்கள் நினைத்ததெல்லாம் சிநேகிதியை இழந்த துக்கம் என்றுதான். பாடாமல் வந்துவிட்டதற்காக அம்மா தனக்குத் தானே தண்டனை விதித்துக்கொண்டிருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற லட்சணம்!

எனக்குப் பேச வாய் வரவில்லை. பையன்தான் பாட்டியின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தான். செல்போனை எடுத்து என்னவோ தட்டினான். தம்புரா நாதம் எழுந்தது.

"என்ன கட்டை வேண்டும், பாட்டி?"

"போடா, கடற்கரையில் நாலு பேர் சிரிக்க!"

"ஐந்தரையா?"

"ஐந்தரைக்கு இப்போது எங்கே போவது? நாலரை வை." சற்று யோசித்து, "நாலே போதும்" என்றாள்.

அம்மா பாடினாள். குரல் முதல் வரியில் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனால் நாலு கட்டையில் நான் அதுவரை கேட்டிராத ஒரு கனம் அதில் இருந்தது. பாடி முடித்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாகவில்லையா?" என்று எங்களையே அதட்டினாள்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை கட்ட மாட்டேன். ஐந்து பேரில் இப்போது வெள்ளிக்கிழமை வருகிறவர்கள் அம்மாவையும் சேர்த்து மூன்றே பேர். எதிர்வீட்டு அம்மாளுடைய மருமகள் எப்போதாவது எட்டிப் பார்க்கிறாள். பழக்க தோஷத்தில் அம்மா சில வேளை சுருதிப் பெட்டியின் பக்கம் திரும்பிப் பார்த்துப் பாட்டை நிறுத்திவிடுகிறாள். பெட்டியருகே உட்கார்ந்திருக்கும் பையன் கையை எடுக்காமல் காத்திருக்கிறான். அவள் மறுபடி எடுக்கிறாள்.

அவனுக்கு இன்னும் டிரம்ஸ்காரர் கிடைக்கவில்லை. ஆனால் கிதார் பரணிலிருந்து இறங்கிவிட்டது. போன சனிக்கிழமை தெருமுனையிலேயே தகரம் உடைகிற சத்தம் கேட்டது. அவசரமாக வீட்டுக்குள் நுழைந்தேன்.

மாடிப்படியின் அடியில் நின்று அம்மா மேலே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள்: "டேய்! இன்னும் கொஞ்சம் இறக்கி வாசியேன்டா!"